டியூபோடு மேடையேறிய பெரியார்

கண்ணுகளா, 1879-ல் நம் ஈரோட்டில் பிறந்த பெரியார், கடைசிக் காலத்தில் சிறுநீர் டியூபோடுதான் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1973 டிசம்பர் 19, சென்னை தியாகராய நகர்க் கூட்டமே கடைசி. ஐந்தே நாளில் வேலூரில் காலமானார், வயது 94. அவர் சாப்பாடு, மருந்து எல்லாம் மணியம்மை பொறுப்பு. பேச்சை நினைக்கிற நாம் அந்த அடுப்படி வேலையை நினைப்பதில்லை.

நம்மூர்ப் பெரியவர்களோ டியூப் போட்டதும், பை நிறையுமே என்று கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். குறைத்தால்தான் சிறுநீர் கெட்டியாகி டியூப் அடைக்கும், கிருமி சேரும். மலச்சிக்கல் வந்தாலும் சரியாக வடியாது. மோர், ராகிக் களி, கீரை, கொய்யா, எல்லாம் நம் வீட்டுச் சரக்குதானே! (இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) வீட்டில் அப்பாவோ மாமாவோ டியூபோடு இருந்தால், இன்று எத்தனை டம்ளர் குடித்தார் என்று விசாரியுங்கள்.