'வேண்டாம்' என்பதற்குப் பொத்தான் இல்லை

முத்தியால்பேட்டையில் என் வீட்டுக் கணிப்பொறியைத் திறந்ததும் ஒரு பெட்டி எழுந்து நிற்கும். நான் ஒருநாளும் பயன்படுத்தாத அஞ்சல் நிரல் ஒன்றின் பாப்-அப் அது. 'என்னை உங்கள் இயல்பிருப்பு அஞ்சல் நிரலாக வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கும். பொத்தான்கள் இரண்டு. ஒன்று 'ஆம்', மற்றது 'இப்போது வேண்டாம்'. இரண்டாவதை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குவேன். மறுநாள் மறுபடியும் அதே கேள்வி. சில நாள் கடவுச்சொல்லும் கேட்கும். ஏறக்குறைய ஒரு வருஷம் இந்தச் சடங்கு நடந்தது.

பழுதுபார்க்க வந்த பையன் சிரித்தான். "நீங்க ஒருநாள்கூட வேண்டாம்னு சொல்லல சார். இப்ப வேண்டாம்னுதான் சொல்லிட்டிருந்தீங்க. அப்புறமா வாங்கன்னு அர்த்தம். அதான் அதுவும் வந்துட்டே இருக்கு."

தொழில்நுட்பக் கோளாறு என்று நான் நினைத்தது கோளாறே அல்ல. அந்த நிரல் தனக்கு இட்ட வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. மறுப்பைக் குறித்துவைக்க அதனிடம் இடமில்லை, அவ்வளவுதான். அதிகாரம் ஒடுக்குமுறையால் மட்டுமல்ல, ஒப்புதலின் வழியாகவும் ஆள்கிறது என்பது கிராம்சியைப் படித்தவர்களுக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் அந்த ஒப்புதல் எங்கே, எந்தப் படிவத்தில், எந்தப் பொத்தானில் உற்பத்தியாகிறது என்று நாம் அதிகம் கேட்டதில்லை. அந்தப் பெட்டியிலிருந்தே கேட்டுப் பார்க்கலாம்.

மின்னஞ்சலின் தொடக்கத்தில் இந்தக் கேள்வி கிடையாது. 1971இல் ரே டாம்லின்சன் வலைப்பின்னல் வழியே மடல் அனுப்பி, ஆளின் பெயரையும் பொறியின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தார். மடல் போய்ச்சேரும் விதிமுறை எல்லோருக்கும் பொதுவானதாக வளர்ந்தது. மடலை எதில் படிப்பது என்பது அவரவர் பாடு. 1988இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் எழுதிய யூடோரா போன்ற நிரல்களைத் தேடிப்போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வேண்டும் என்பவர் நடந்துபோனார். வேண்டாதவர் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இந்தியாவில் 15 ஆகஸ்ட் 1995 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. நம்மில் பலர் கணிப்பொறிக்குள் நுழைந்த அதே சில ஆண்டுகளில்தான் இந்த உறவு தலைகீழானது. 1996இல் மைக்ரோசாஃப்ட் தன் உலாவியோடு ஓர் அஞ்சல் நிரலையும் சேர்த்துக் கொடுத்தது. 1997இல் அதற்கு 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் மாறியது. 1998இல் 'விண்டோஸ் 98' வந்தபோது அது பொறியோடு பிறந்த உறுப்பாகிவிட்டது. வேறு நிரலைத் தேர்ந்துகொண்டவர் இதைத் தவறிப்போய்த் திறந்தாலும் 'நான் உங்கள் இயல்பிருப்பு நிரல் இல்லையே, ஆக்கிவிடவா?' என்று கேட்டது. இப்போது வேண்டாதவர்தான் வாய் திறக்க வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப.

இது நீதிமன்றம் வரை போன விஷயம். 18 மே 1998இல் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தன. வழக்கின் மையம் உலாவிதான். என்றாலும் 2001 நவம்பரில் எட்டப்பட்டு ஓராண்டு கழித்து நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின் பட்டியலில் அவுட்லுக் எக்ஸ்பிரசும் இருந்தது. இரண்டு செய்திகளை அந்த உடன்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, பயனாளர் இத்தகைய நிரல்களைக் கண்ணில் படாமல் மறைத்துவைக்க வழி செய்யப்பட்டது. 2002இல் விண்டோசில் அதற்கென ஒரு பகுதியே சேர்க்கப்பட்டது. மறைக்கலாம், ஆனால் நிரல் உள்ளேயே கிடக்கும். இரண்டு, விற்பவர் அமைத்துக்கொடுத்த ஐகான், மெனு ஒழுங்கைத் தானாக மாற்றியமைக்கும்படி, புதிய பொறியை முதன்முதல் இயக்கிய 14 நாட்களுக்குள் பயனாளரிடம் இசைவு கேட்கக்கூடாது. ஒரு பெட்டி எப்போது எழலாம் என்பதை ஒரு பேரரசின் நீதிமன்றம் நாள் கணக்கிட்டு விதித்தது! கேள்வி தள்ளிவைக்கப்பட்டது. மறுப்புக்கு என்ன மதிப்பு என்பது அப்படியே கிடந்தது.

சொல்லையும் கவனிக்க வேண்டும். 'டிஃபால்ட்' என்பதற்கு வழக்காடு மன்றத்தில் வராமை, தவறுதல் என்று பொருள். பிரெஞ்சில் 'பார் தெஃபோ' என்றாலும் அதேதான். எதிர்தரப்பு வராததால் கிடைத்த தீர்ப்பு. அந்தச் சொற்கள் ஓர் இல்லாமையை, சொல்லப்படாத ஒரு பதிலை இன்னும் நினைவில் வைத்திருக்கின்றன. தமிழில் நாம் 'இயல்பிருப்பு' என்றோம். யாரோ ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு, தமிழுக்கு வந்ததும் இயல்பாகிவிட்டது, அதாவது இயற்கையாகிவிட்டது. வரலாற்றை இயற்கையாக்கிக் காட்டுவதுதானே கருத்தியலின் முதல் வேலை. நமக்கு இது பழகியதும்கூட. பெண் பார்க்க வந்த கூடத்தில் தலைகுனிந்து நிற்பவளிடம் கேள்வியே கேட்காமல் 'மௌனம் சம்மதம்' என்று பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இயல்பிருப்பு என்பது அந்தக் கூடம்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு நினைவும் உண்டு. 21 செப்டம்பர் 1881இன் பிரெஞ்சு ஆணை, தன் சமூகத்தின் சொந்தச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வர விரும்பியவர் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றது. அப்படித் துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி பிள்ளை 'லப்போர்த்' ஆனார். வாயைத் திறக்காதவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

பிறகு, 18 அக்டோபர் 1954 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 28 மே 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 16 ஆகஸ்ட் 1962இல்தான் நடைமுறைக்கு வந்தது. தனித்தனி மனிதர் முன் குடியுரிமைக் கேள்வி வந்து நின்றது அப்போதுதான். அதன் விதி இப்படி: இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள், ஆறு மாதத்துக்குள் எழுத்தில் வேறு சொல்லாவிட்டால், இந்தியர். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே வேறு நாட்டில் குடியிருந்தவர்கள், எழுத்தில் வேறு சொல்லாவிட்டால், பிரெஞ்சுக்காரர். ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் சைகோனிலும் தம்பி இங்கேயும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். இருவரும் வாயே திறக்கவில்லை. அந்த ஒரே மௌனத்துக்கு இரண்டு பொருள், இரண்டு நாடு.

இணைப்பைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த அரசு மாற்றத்துக்கும் ஏதோவொரு இயல்பிருப்பு தேவைப்படுகிறது. யார் எதை இயல்பாக வைத்தார்கள், மாற்றிச் சொல்ல யாருக்கு எழுத்தும் அவகாசமும் கிடைத்தன என்பதே அரசியல். ஒரு பெட்டியையும் ஒரு வாழ்வையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. ஒப்பந்தம் ஒருமுறை கேட்டது, கெடு வைத்தது, எழுதிக்கொடுத்த பதிலைப் பதிவேட்டில் ஏற்றியது. ஆறு மாதம் கழித்துக் கதவு மூடியது. அது கொடுமையாக இருந்திருக்கலாம், ஆனால் சொன்ன பதில் பதிலாக நின்றது. கணிப்பொறியின் கதவோ மூடுவதே இல்லை. 'ஆம்' ஒருமுறை போதும், என்றைக்குமாக நிற்கும். 'இல்லை'யைத் தினமும் புதுப்பிக்க வேண்டும். களைத்துப்போய் ஒருநாள் தருகிற 'ஆம்'தான் அந்தப் பெட்டியின் இலக்கு. களைப்பைச் சம்மதமாக மாற்றுகிற இயந்திரம் என்று அதைச் சொல்லலாம்.

பையன் செய்த வேலையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரிசையில்தான் சூட்சுமம். நான் முதலில் அந்த நிரலைத் தூக்கியெறியச் சொன்னேன். "அப்படிச் செஞ்சா இன்னும் மோசமாகும் சார்" என்றான். வேறொரு நிரலில் 'அஞ்சலில் அனுப்பு' என்று அழுத்தினால், விண்டோஸ் தன் பதிவேட்டில் 'மெயில்' என்ற தலைப்பின்கீழ் எந்தப் பெயர் இருக்கிறது என்று தேடும். ஆள் போனபின்னும் பெயர் அங்கே தங்கிவிட்டால் 'இயல்பிருப்பு அஞ்சல் நிரல் இல்லை' என்று வேறொரு பெட்டி எழும். ஆகவே முதலில், நான் விரும்பும் நிரலை அந்த இடத்தில் அமர்த்தினான். அடுத்து, பழைய நிரலுக்குள் என்றைக்கோ பாதியில் விட்ட கணக்கை அழித்தான். கடவுச்சொல் கேட்டது அதுதான். 30 மே 2022 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு வரும் பழைய நிரல்களை கூகுள் ஏற்பதில்லை. இப்படிப்பட்ட மாற்றங்களுக்குப் பிறகு சரியான சொல்லைக் கொடுத்தாலும் பழைய நிரல் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். மூன்றாவதாக, பொறி விழிக்கும்போதே கூட எழுகிற நிரல்களின் பட்டியலிலிருந்து அதை நீக்கினான். கடைசியில்தான் நிரலையே எடுத்தான்.

அதாவது, வெறுமனே மறுப்பது போதாது. மறுத்த இடத்தில் நம்முடைய தேர்வை உட்காரவைத்து, அதைப் பதிவேட்டில் ஏற்றி, அதன் பிறகே பழையதை வெளியேற்ற வேண்டும். இயக்கங்களில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த பாடமாகவே இருக்கும்.

பெட்டி இப்போது எழுவதில்லை. போகும்போது பையன் சொல்லிவிட்டுப் போனான்: "அடுத்த அப்டேட்ல திரும்ப வந்தாலும் வரும் சார். வந்தா கூப்பிடுங்க."