இருபது சென்ட் வித்தியாசம்

ஃபேன்டசி நாவல் பைத்தியங்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் நலம் விசாரிக்க மாட்டார்கள். "இப்ப என்ன படிச்சிட்டு இருக்கே?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "அது முடிஞ்சா என்ன படிக்கலாம்?" இந்தக் கேள்விகளால் ஒரு முறை ஒரு பதிப்பகமே பணிய வேண்டி வந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதில் வாசகர் கடிதங்களோடு எழுதியவரின் முகவரியையும் அச்சிட்டார்கள். விளைவு? ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எந்தக் கதை தேறும், எந்தக் கதை குப்பை என்று தபாலிலேயே சண்டை. பிறகு தாங்களே கையால் சுற்றும் மிமியோகிராஃப் இயந்திரத்தில் சிறு பத்திரிகைகள் அடித்து அனுப்பிக் கொண்டார்கள். இவைதான் ஃபேன்சைன்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு நியூயார்க் பையன், டொனால்ட் வோல்ஹைம். பெயரை நினைவில் வையுங்கள், கதைக்கு இவர் முக்கியம். 1934 ஜனவரியில், 19 வயதில், இவருடைய முதல் கதை கெர்ன்ஸ்பேக்கின் இன்னொரு பத்திரிகையில் வந்தது. சன்மானம் வரவில்லை. இவர் சும்மா இருக்கவில்லை. தன்னைப் போலவே ஏமாந்த மற்ற எழுத்தாளர்களைக் கடிதம் மூலம் தேடிப் பிடித்து, சேர்ந்து வழக்குப் போட்டார். கடைசியில் 75 டாலருக்குச் சமரசம் ஆனது. 1937இல் ரசிகர் பத்திரிகைகளைப் பரிமாறிக் கொள்ள 'ஃபாபா' என்ற சங்கத்தைத் தொடங்கியவரும் இவர்தான்.

இனி டோல்கீனுக்கு வருவோம்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகங்களும் 1954-55இல் இங்கிலாந்தில் வெளிவந்தன. அமெரிக்காவில் ஹௌட்டன் மிஃப்லின் வெளியிட்டது. எல்லாம் கெட்டி அட்டைப் பதிப்பு, மாணவர் கைக்கு எட்டாத விலை. ஆனாலும் படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? 1960இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் இந்தப் புத்தகத்துக்கென்றே ஒரு ரசிகர் குழு உருவாகி, தனியாகப் பத்திரிகையும் நடத்தியது. கடன் வாங்கியும் நூலகத்தில் எடுத்தும் படித்தவர்கள் இன்னொருவர் காதில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். தேவை வளர்ந்தது, மலிவுப் பதிப்பு மட்டும் வரவில்லை.

இந்த இடைவெளியைப் பார்த்தவர் யார் தெரியுமா? நம் வோல்ஹைம்தான்! அப்போது அவர் ஏஸ் புக்ஸின் ஆசிரியர். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் அச்சடித்த ஆங்கிலப் புத்தகத்தை 1,500 பிரதிகளுக்கு மேல் இறக்குமதி செய்தால் பதிப்புரிமை சிக்கலாகும். ஹௌட்டன் மிஃப்லின் அச்சடித்த தாள்களை அந்த அளவுக்கு மேலேயே கொண்டு வந்திருந்தது. "அப்படியானால் இது பொதுச்சொத்து" என்று முடிவு கட்டிய ஏஸ், 1965இல் பாகம் ஒன்று 75 சென்ட்டுக்கு மூன்றையும் வெளியிட்டது. டோல்கீனுக்குக் காலணா இல்லை. தன் சன்மானத்துக்காக வழக்காடிய அதே மனிதர் இதைச் செய்ததுதான் என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம். டோல்கீன் மலிவு அட்டைப் பதிப்பை மட்டமாக நினைத்து அனுமதி தர மறுத்தார், அந்தக் கோபம்தான் காரணம் என்று வோல்ஹைமின் மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் கோபம் வேறு, கூலி வேறு இல்லையா?

டோல்கீனுக்கு அப்போது வயது 73. அதிகாரப்பூர்வ பேப்பர்பேக்கை பாலண்டைன் அவசரமாகத் தயாரித்தது. அவரும் புதிய பதிப்புரிமை பெறுவதற்காக நூலைத் திருத்திக் கொடுத்தார். அக்டோபர் 1965இல் அது வந்தபோது விலை 95 சென்ட். (அவசரம் என்றால் அப்படி ஒரு அவசரம்! அட்டைப்படம் வரைந்த பார்பரா ரெமிங்டன் நூலைப் படிக்காமலேயே வரைந்தார். 'ஹாபிட்' அட்டையில் சிங்கம் எங்கிருந்து வந்தது என்று டோல்கீன் தலையில் அடித்துக் கொண்டார்.)

ஒரே கதை. ஒன்று 75 சென்ட், மற்றது 95. எதை வாங்குவீர்கள்? கையில் காசில்லாத கல்லூரி மாணவன் 20 சென்ட் அதிகம் கொடுக்க என்ன காரணம் இருக்கிறது?

டோல்கீனிடம் வக்கீலை விடப் பெரிய ஆயுதம் ஒன்று இருந்தது. அவருக்கு அமெரிக்காவிலிருந்து கடிதங்கள் குவிந்து கொண்டிருந்தன, அவரும் சளைக்காமல் பதில் எழுதுகிறவர். ஒவ்வொரு பதிலிலும், ஏஸ் பதிப்பு தன் அனுமதி இல்லாதது, இதை நண்பர்களுக்கும் சொல்லுங்கள் என்று ஒரு குறிப்பைச் சேர்த்தார். அவ்வளவுதான். படித்ததைப் பரப்புவதையே தொழிலாகக் கொண்ட கூட்டம் இதையும் பரப்பியது. பாலண்டைன் பதிப்பின் பின்னட்டையிலும் உயிரோடிருக்கும் எழுத்தாளரை மதிப்பவர்கள் இதையே வாங்குவார்கள் என்ற பொருளில் அவருடைய வேண்டுகோள் இருந்தது. அதே 1965இல் ரிச்சர்ட் பிளாட்ஸ் என்ற பள்ளி மாணவர் நியூயார்க்கில் டோல்கீன் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். புதிதாக உருவாகியிருந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கமும் குரல் கொடுத்தது.

ஏஸ் ஒரு லட்சம் பிரதிகள் விற்றிருந்தது. பாலண்டைன் அதைத் தாண்டி விரைவிலேயே பத்து லட்சத்தைத் தொட்டது. 1966இல் ஏஸ் இறங்கி வந்து, 9,000 டாலருக்கு மேல் ராயல்டி கொடுத்ததோடு, மறுபதிப்பு போடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. சட்டம் பேசியது இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால்தான். 1992இல் ஒரு அமெரிக்க நீதிமன்றம், டோல்கீனின் பதிப்புரிமை செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏஸ் அந்தக் காரியத்தைச் செய்யாமல் இருந்திருந்தால் மலிவுப் பதிப்பு அந்த வருடம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

சரி, பத்து லட்சம் பேர் படித்து முடித்துவிட்டார்கள். "அடுத்து என்ன?" இந்தக் கேள்விக்குப் பதிலாக 1969இல் பாலண்டைன் ஒரு தனி ஃபேன்டசி வரிசையே தொடங்கியது. தேர்வு செய்தவர் லின் கார்ட்டர், அவரும் பழைய ரசிகர். வில்லியம் மாரிஸ், லார்ட் டன்சனி என்று மறந்துபோனவர்களைத் தூசி தட்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரை எழுதினார். நண்பன் புத்தகத்தைக் கையில் திணித்து "இதைப் படிடா" என்று சொல்வது போன்ற முன்னுரைகள். 1974 வரை வந்தது இந்த வரிசை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1970இல் ஹோப் மிர்லீஸ் எழுதிய 'லட்-இன்-த-மிஸ்ட்' வந்தது. 1926இல் முதலில் வெளியான நாவல். நூலாசிரியர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல், அவர் அனுமதி இல்லாமலேயே போட்டுவிட்டார்கள். உயிரோடிருக்கும் எழுத்தாளரை மதியுங்கள் என்று பின்னட்டையில் அச்சடித்த அதே பாலண்டைன்! அம்மையார் 1978 வரை உயிரோடிருந்தார்.

இவாஞ்சலின் வால்டன் விஷயத்திலும் கிட்டத்தட்ட இப்படித்தான் ஆரம்பித்தது. 1936இல் வந்த அவருடைய நாவலை மறுபதிப்பு செய்யும்போதுதான் அவர் உயிரோடிருப்பது தெரிய வந்தது. ஆனால் இங்கே முடிவு வேறு. எழுதி வைத்து வெளியாகாமலே கிடந்த மற்ற பாகங்களையும் அவரிடமிருந்து வாங்கி, 1971 முதல் ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள்.

லின் கார்ட்டர் வரிசையில் எதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் வால்டனைத்தான் கையில் கொடுப்பேன் :)