கல்பாக்கம் இழந்த ஐம்பது மெகாவாட்: ஒரு பழைய அணுமின் நிலையம் திருத்தப்பட்ட வரலாறு

அம்பிட்டியவுக்குக் கிழக்கே மகாவலியை மறித்துக் கட்டிய விக்டோரியா அணை 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. அதன் மின்நிலையத்தின் கொள்ளளவு 210 மெகாவாட். அதே ஆண்டு ஆகஸ்டில், கடலுக்கு அப்பால் கல்பாக்கத்தில், சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை முதன்முறையாகத் தொடர்வினையை எட்டியது. அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இலங்கைக்கும் அணுமின் வேண்டுமா என்ற பேச்சு இப்போது சூடு பிடித்திருக்கிறது. 2014இன் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் ஒழுங்குபடுத்தும் பேரவை ஒன்றை அமைத்தது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு வந்து நாட்டின் ஆயத்தத்தை மதிப்பிட்டது. இந்தப் பேச்சில் கூடங்குளமே அடிக்கடி அடிபடுகிறது. ஆனால் அதன் உலைகள் இளையவை. ஓர் உலை முதுமை அடையும்போது என்ன நேர்கிறது என்பதை அறிய விரும்புவோர் கல்பாக்கத்தையே பார்க்கவேண்டும்.

கல்பாக்கத்தின் முதல் அலகு 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. இயற்கை யுரேனியத்தை எரித்துப் பாரநீரால் குளிர்விக்கும் இந்த வகை இந்தியாவுக்குக் கனடாவிடமிருந்து வந்தது. 1974 மே மாதத்தில் இந்தியா நடத்திய பொக்ரான் அணு வெடிப்பின் பின் கனடா கையை விரித்ததால், மிச்சத்தை இந்தியப் பொறியியலாளர்களே செய்து முடித்தார்கள். இதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். பெருமைதான், ஆனால் கோளாறு வந்தபோது கேட்டறிய மூல வடிவமைப்பாளர் பக்கத்தில் இல்லை என்பதும் அதே கதையின் மறுபக்கம்.

கோளாறும் விரைவிலேயே வந்தது. உலையின் பெருந்தொட்டிக்குள் பாரநீரைப் பரப்பிவிடும் உட்புகு அமைப்பு, நீரோட்டத்தின் அதிர்வைத் தாங்காமல் 1980களின் இறுதியில் இரண்டு அலகுகளிலும் உடைந்தது. கதிர்வீச்சு மிகுந்த தொட்டிக்குள் ஆள் இறங்கிப் பழுதுபார்க்க வழியில்லை. நீரின் போக்கை வேறு வழியாகத் திருப்பினார்கள். அந்த ஏற்பாட்டில் வெப்பத்தை முன்போல அகற்ற முடியவில்லை. ஆகவே 220 மெகாவாட் தரவேண்டிய அலகு ஒவ்வொன்றும் 170உடன் நிறுத்தப்பட்டது. அலகொன்றுக்கு இழப்பு 50 மெகாவாட். பொல்கொல்லையிலிருந்து நீர் பெறும் உக்குவெல மின்நிலையம் முழுவதும் தருவதைவிட அது அதிகம். பத்தாண்டுக்கும் மேலாக அந்த இழப்பைச் சகித்துக்கொண்டார்கள். என் மதிப்பீட்டில், அந்நிலையத்தின் மிகச் சிறந்த பாதுகாப்பு முடிவு இதுவே.

அதற்குள் இன்னொரு நோயும் வெளிப்பட்டது. எரிபொருள் இருக்கும் அழுத்தக் குழாய்கள் 306. ஒவ்வொன்றையும் சுற்றி இன்னொரு குழாய். இரண்டையும் ஒட்டவிடாமல் பிரித்து வைப்பவை சிறு சுருள் வளையங்கள். தளர்ந்த வளையம் இடம் நகர்ந்தால், சுமார் 290 பாகை செல்சியசில் கொதிக்கும் உட்குழாய் தொய்ந்து, குளிர்ந்த வெளிக்குழாயைத் தொடும். தொட்ட இடம் குளிரும். உலோகத்தில் ஊறிய ஐதரசன் அங்கே திரண்டு கொப்புளமாகும். கொப்புளம் உடையும் தன்மையது. கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் 1983 ஆகஸ்டில் ஒரு குழாய் பிளந்தது இவ்வாறுதான். கல்பாக்கத்திலும் பழைய சிர்க்கலோய் குழாய்களே இருந்தன. அவற்றைச் சோதிப்பதும் எளிதான வேலையல்ல: 1999 மார்ச்சில் இரண்டாம் அலகில் சோதனை நடக்கும்போதே ஒரு தடத்தின் அடைப்பு கழன்று பாரநீர் கசிந்தது.

குழாய்களை ஒட்டுமொத்தமாக மாற்றும் வேலை 2002இல் இரண்டாம் அலகில் தொடங்கி, 2006 தொடக்கத்தில் முதலாம் அலகுடன் முடிந்தது. புதியவை நயோபியம் கலந்த சிர்க்கோனியக் குழாய்கள். எப்படியும் உலையைத் திறந்தாயிற்று என்பதால், சில தடங்களில் எரிபொருளுக்குப் பதிலாகத் துளையிட்ட குழாய்களைப் பொருத்தி அவற்றின் வழியே பாரநீரை உட்செலுத்தினார்கள். உடைந்துபோன பாகத்தின் வேலையை இவை எடுத்துக்கொண்டன. 220 மெகாவாட் திரும்பியது. பாதுகாப்பு ஒருபுறம், உற்பத்தி மறுபுறம் என்று தராசில் வைத்துப் பேசும் பழக்கம் இங்கே பொருந்தவில்லை. 1993 மார்ச்சில் இந்தியாவின் நரோரா அணுமின் நிலையத்தில் மூண்ட தீ கேபிள்களைக் கருக்கி, அந்த நிலையத்தையே மணிக்கணக்கில் இருளில் ஆழ்த்தியிருந்தது. அதன் பாடமும் இந்த நிறுத்தத்தில் கைகொடுத்தது. கேபிள்கள் பிரித்து இடப்பட்டன. குழாய் முறிந்தால் உயரழுத்தத்தில் நீர் பாய்ச்சும் அவசர ஏற்பாடும் சேர்ந்தது.

திருத்தம் முடியுமுன்னே கடல் வந்துவிட்டது. 2004 டிசம்பர் 26 காலை, எமது கரைகளில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன அதே சுனாமி, கடலடிச் சுரங்கத்தின் வழியாக நிலையத்தின் நீரிறைப்பு அறைக்குள் ஏறியது. முதலாம் அலகு குழாய் மாற்றத்துக்காக ஏற்கெனவே நின்றிருந்தது. இரண்டாம் அலகு ஓடிக்கொண்டிருந்தது. பம்பிகள் நின்றதும் இயக்குநர்கள் உலையை நிறுத்தினார்கள். மேட்டில் இருந்த உலைக் கட்டடத்தை நீர் தொடவில்லை. ஆனால் பக்கத்தில் அத்திவாரம் போட்டுக்கொண்டிருந்த வேக ஈனுலையின் குழி நிரம்பியது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலையைக் காத்த உயரம் வீடுகளுக்கு இல்லை. பாதுகாப்பு அறிக்கைகள் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சில நாட்களிலேயே அலகு மீண்டும் ஓடியது. 2011 மார்ச்சில் புகுஷிமா நிகழ்ந்த பின்னர், மின்சாரம் முற்றாக அற்றாலும் தீயணைப்பு வண்டியிலிருந்து நீராவியாக்கிகளுக்கு நீர் செலுத்த உதவும் இணைப்புகள் இந்திய உலைகளில் பொருத்தப்பட்டன.

இத்தனையும் செய்த பிறகும் முதலாம் அலகு 2018 ஜனவரியில் மறுபடியும் நின்று, ஆண்டுக்கணக்கான நிறுத்தத்துக்குள் போனது.