கோபுரம் மறைக்காத குடிப்பெயர்

வாளேந்தி உயர்குடிப் பட்டம் பெற்றோர் ஐரோப்பிய வரலாற்றில் பலர். ஓலை சுமந்து அப்பட்டத்தை எய்திய குடும்பமும் உண்டு. தூர்ன் உண்ட் டாக்சிஸ் என்பது அதன் பெயர். உழைப்பால் வந்த பெருமையும் பிறப்பால் வந்ததாகச் சொல்லிக்கொண்ட பெருமையும் அக்குடும்பத்தின் குலச்சின்னத்தில் அருகருகே நிற்கின்றன.

இத்தாலியின் பெர்கமோ நகரை அடுத்த கோர்னெல்லோ என்னும் மலையூரே இவர்தம் பூர்வீகம். பழைய குடிப்பெயர் தாஸ்ஸோ. நிலத்தில் வளை தோண்டி வாழும் பாட்ஜர் என்னும் சிறு விலங்கையும் அச்சொல் இத்தாலியில் குறிக்கும். ஆதலின் நீலக் கேடயத்தில் வெள்ளி நிற பாட்ஜரைப் பொறித்துக்கொண்டனர். இதனைக் கண்ணால் படிக்கும் சிலேடை எனலாம்.

பேரரசர் மாக்சிமிலியன் காலத்தில் இவர்கள் அஞ்சல் வழிகளை அமைத்தனர். நிலையந்தோறும் குதிரையும் ஆளும் மாறியமையால் மடல் நில்லாது சென்றது. பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்ஸ்புருக்குக்குக் கோடையில் ஐந்தரை நாளில் மடல் சேர்ப்பதாக 1505இல் பிரான்ஸ் டாக்சிஸ் ஒப்பந்தம் செய்தார். 1512இல் உயர்குடிப் பட்டம் கிடைத்தது. 1615இல் பேரரசின் தலைமை அஞ்சலதிகாரி பதவி பரம்பரை உரிமையாயிற்று.

ஆயினும் பழங்குடிப் பிரபுக்களிடையே ‘அஞ்சற்காரர்’ என்னும் பெயர் போதவில்லை. கணவர் 1628இல் இறந்தபின், மகன் சார்பில் 1646 வரை அஞ்சலை நடத்திய அலெக்சாண்ட்ரீன் என்னும் பெருமாட்டி, வமிசாவளி வல்லுநரைக் கொண்டு குல வரலாறு எழுதுவித்தார். மிலான் நகரை ஆண்ட தெல்லா தொர்ரே மரபின் வழியினரே தாங்கள் என்பது அதன் முடிபு. தொர்ரே என்றால் கோபுரம். அதுவே ஜெர்மானியத்தில் ‘தூர்ன்’ ஆயிற்று. 1650இல் புதுப்பெயருக்குப் பேரரசர் இசைவளித்தார். கேடயத்தில் செந்நிறக் கோபுரம் எழுந்தது. அவ்வழிமுறைக்குச் சான்றில்லை என்பர் பிற்கால வரலாற்றாசிரியர். எனினும் 1695இல் இளவரசர் பட்டமும் வந்தது.

இத்தனைக்குப் பிறகும் பாட்ஜர் விரட்டப்படவில்லை. பெருங்கேடயத்தின் நடுவே, சிறு கேடயத்தில், பழைய நீலத்தின்மீது அது நடந்துகொண்டேயிருக்கிறது. அஞ்சல் உரிமையோ 1867இல் பிரஷ்ய அரசின் கைக்குப் போயிற்று.

எருசலேம் மீட்சியைக் காப்பியமாக்கிய தொர்குவாத்தோ தாஸ்ஸோவும் (1544–1595) இத்தாஸ்ஸோ குடியினரே. அக்கவிஞர் கோபுரம் எழுமுன்பே மறைந்தார். பிறர் குலத்தைப் பாட எழுதுகோல் எடுப்போர் இச்சின்னத்தை ஒருமுறை உற்றுநோக்குதல் நன்று. எழுதுவித்த பெருமை ஓரங்களில் நிற்க, உழைத்த நாளின் பெயரே அதில் நடுவிடம் பெற்றுள்ளது.