போர்க்கால விமானிகளின் ஸ்வெட்டர்: பின்னல் குறிப்புகள்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரச விமானப்படையினருக்கு வீட்டில் ஸ்வெட்டர் பின்னித் தருவதற்காக, பேட்டன்ஸ் அண்டு பால்ட்வின்ஸ் போன்ற கம்பளி நூல் நிறுவனங்கள் சிறு அச்சுத்தாள்களை விற்றன. இன்று பழைய பின்னல் குறிப்பு தேடுவோர் நாடுவது இவற்றைத்தான். 30,000 அடி உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 44 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் என்பதால், விமானிக்குக் கம்பளி அலங்காரமன்று. ஆனால் பலர் மனத்தில் நிற்கும் தடித்த வெள்ளைச் சுருட்டுக் கழுத்து ஸ்வெட்டர் படையே வழங்கிய உடுப்பு. வீடுகளில் பெரிதும் பின்னப்பட்டவை விமானப்படை நீல நூலில் அமைந்த கையில்லாச் சட்டை, முழுக்கை ஸ்வெட்டர், தலையுறை, கையுறை ஆகியவை. அட்டையில் சிரிக்கும் விமானியின் படம் அசல் தன்மைக்குப் போதிய சான்றாகாது. தாளின் காலத்தை உள்ளே உள்ள அளவுகளிலும் அறிவிப்புகளிலும் தேடுவதே சரி.

இத்தாள்களில் பெரும்பாலானவற்றில் ஆண்டு அச்சிடப்படவில்லை. அந்தக் குறையை ரேஷன் ஓரளவு ஈடுசெய்கிறது. 1941 ஜூன் 1 அன்று பிரிட்டனில் துணி ரேஷன் தொடங்கியது. 1949 மார்ச்சில் முடிந்தது. பொதுமக்கள் 2 அவுன்ஸ் பின்னல் நூலுக்கு ஒரு கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தது. எனவே கூப்பனைக் குறிப்பிடும் தாள் அந்த எட்டாண்டுகளுக்குள் வந்திருக்க வேண்டும். அடுத்தது ஊசி எண். பழைய பிரிட்டிஷ் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 10 என்றால் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்க முறையிலோ எண்ணோடு ஊசியும் தடிக்கும். அங்கே 10 என்பது 6 மில்லிமீட்டர். எந்த நாட்டுத் தாள் என்று பார்க்காமல் பின்னத் தொடங்கினால் ஸ்வெட்டர் மீன்வலைபோல் ஆகிவிடும்.

பழைய ஊசி எண் போருக்குப் பிறகும் பல்லாண்டு வழக்கில் இருந்ததே, அது எப்படிச் சான்றாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனித்து நின்றால் அது மெட்ரிக்குக்கு முந்தைய காலம் என்பதை மட்டுமே சொல்லும். கூப்பன் அறிவிப்பு, படைக்குரிய நூல் நிறம், ஒரே தாளில் தலையுறையும் கையுறையும் சேர்ந்திருத்தல் ஆகியவற்றோடு சேரும்போதுதான் வலுப்பெறும். ஒப்பிட்டுப் பார்க்க, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வின்செஸ்டர் கலைப்பள்ளியில் உள்ள பின்னல் நூலகம் உதவும். ஆயர் ரிச்சர்ட் ரட் திரட்டிய தொகுப்பு அங்கே இருக்கிறது. கைப்பின்னலின் வரலாற்றை 1987இல் நூலாக எழுதியவர் அவர். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 1940களின் குறிப்புகளை வைத்திருக்கிறது.

அன்றைய நூல் கிடைக்காதபோது அசல் குறிப்பால் என்ன பயன் என்பது இன்னொரு மறுப்பு. குறிப்பு நூலின் பெயரோடு நின்றுவிடுவதில்லை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்ற இறுக்க அளவையும் தருகிறது. அந்த அளவு வந்தால் எந்த நூலும் தகும். சதுரமாக ஒரு மாதிரி பின்னி அளக்காமல் இதை அறிய வழியில்லை. பல தாள்கள் ஒரே மார்பளவுக்கு எழுதப்பட்டவை என்பதால் சிறு பிசகும் பெரிதாகும்: அங்குலத்துக்கு 7 கண்ணி என்றால் 266 கண்ணிகள் 38 அங்குலம், கை தளர்ந்து ஆறரை ஆனால் கிட்டத்தட்ட 41.