முப்பதாம் பிரிவும் தில்லி மதுக்கூடங்களும்

பொதுமக்கள் மது அருந்தும் இடங்களில் 25 வயது நிரம்பாத ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது 1914ஆம் ஆண்டுப் பஞ்சாப் கலால் சட்டத்தின் 30ஆம் பிரிவு. தில்லிக்கும் அப்போது அதே சட்டம்தான். ஆணுக்கு 25 வயதில் வந்துவிடும் விவேகம் பெண்ணுக்கு 50 வயதிலும் வராது என்பதே அதன் உட்பொருள். எழுதியவர்கள் பெண்ணைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள், சிக்கலே அங்கேதான். 1950இல் அரசமைப்புச் சட்டம் வந்தபின்பும், ஓட்டல் மேலாண்மை படித்த பெண்கள் வேலை தேடத் தொடங்கிய பின்பும் இந்தத் தடை அசையவில்லை. உணவகம், விருந்துக்கூடம், தங்கும் அறை என எங்கும் மது பரிமாறும் பெரிய ஓட்டலில் பிரிவை எழுத்துப் பிசகாமல் அமல்படுத்தினால் அவர்களுக்கு மிஞ்சுவது சொற்பம். வழக்குத் தொடுத்தது இந்திய ஓட்டல் சங்கம். பெண்ணுரிமை இயக்கமல்ல, முதலாளிகள். 2006இல் தில்லி உயர் நீதிமன்றம் பெண்கள் மீதான தடையைச் செல்லாதென்றது. தில்லிவாசிகள் சிலர் மேல்முறையீடு செய்ய, அனுஜ் கர்க் வழக்கு என்று பெயர்பெற்ற அதில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.பி. சின்ஹா, ஹர்ஜித் சிங் பேடி அமர்வு 2007 டிசம்பரில் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசமைப்புச் சட்டத்தின் 15(3) பிரிவு அரசுக்கு இடம் தருகிறதே என்பார்கள். தருகிறது, ஆனால் ஏற்பாடு என்பது கூடுதலாக ஒன்றைத் தருவது, இருக்கும் பிழைப்பைப் பறிப்பதல்ல. மது வணிகம் அடிப்படை உரிமையே அல்ல என்ற வாதமும் இங்கே எடுபடாது: விற்க அரசே உரிமம் கொடுத்தபின், அங்கே யார் வேலை பார்க்கலாம் என்பதில் பால் பார்க்க அதற்கு என்ன நியாயம்? நீதிமன்றமும் எப்போதும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. 1981இல் ஏர் இந்தியா நர்கீஸ் மிர்சா வழக்கில், முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை போகும் என்ற விதியை ரத்துசெய்த உச்ச நீதிமன்றம், பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நல்லதென்று ஏற்றுக்கொண்டது. நோக்கம் நல்லதா என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் முடியும். பெண்ணின் வாழ்வில் சட்டம் உண்டாக்கும் விளைவையும் கேட்டது அனுஜ் கர்க் தீர்ப்பு.

வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது: ஆபத்து உண்மைதானே? உண்மைதான். அதற்காகப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதா, வேலையிடத்தைப் பத்திரமாக்குவதா என்பதே கேள்வி. சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே இதற்கு வழி காட்டியிருந்தது. மாலை 7 முதல் காலை 6 வரை பெண்கள் வேலை செய்யக் கூடாதென்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை வசந்தா வழக்கில் ரத்துசெய்தபோது, வாகன வசதி, குழுவாகப் பணியமர்த்தல் போன்ற நிபந்தனைகளை முதலாளிகள் தலையில் கட்டியது.