ஆசிரியர் வெளியீடும் அயலார் மதிப்புரையும்

தமிழில் நூல்கள் அச்சேறத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஒரு நூலின் மதிப்பை எடுத்துரைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது இலக்கணத்தில் வரையறுக்கப்பட்டிருந்தது. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப்பாயிரத்தில் ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் அமைய வேண்டும் என்று கூறுகிறது. எத்தனை துறைகளில் வல்லவனாயினும் ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால், அப்பாயிரத்தைச் செய்தற்குரியவர்கள் அவனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், நூலுக்குத் தக்க உரை காண்பவன் ஆகியோரே என்றும் அது வரையறுக்கிறது. இந்த நால்வருமே நூலாசிரியனுக்கோ அவன் நூலுக்கோ நெருங்கியவர்கள். அவனை முன்பின் அறியாமல், நூலை மட்டும் கையில் எடுத்துப் படித்து மதிப்புச் சொல்லும் அயலானுக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. எழுதியவரே கைப்பணம் செலவிட்டு வெளியிட்ட தமிழ்ப் புனைகதைக்கு அச்சும் தாளும் கட்டடமும் விலைக்குக் கிடைத்தன; விலைக்குக் கிடைக்காத ஒன்று அந்த அயலானின் சொல்தான் என்பதைக் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான செய்யுள் நூல்களைப் புரட்டுவோர், நூலுக்கு முன்னே பல பக்கங்களுக்கு நீளும் சாற்றுக்கவிகளைக் காண்பர். சாற்றுக்கவி என்பது நூலையும் ஆசிரியரையும் பாராட்டிப் பிற புலவர்கள் பாடித் தரும் செய்யுள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற பெரும்புலவரின் ஒரு பாடல் கிடைத்துவிட்டால் நூல் அரங்கேறிய மாதிரியே கொள்ளப்பட்டது. உரைநடைக் கதை வந்தபோது இந்த முறை தடுமாறியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' எந்த யாப்பிலும் அடங்கவில்லை. பாயிரம் கேட்கும் எட்டுச் செய்திகளைச் சொல்லிவிட்டாலும் அந்த நூல் படிக்கத் தக்கதா என்பது விளங்கிவிடாது. அதனால் ஆசிரியரே முன்னுரையில் தமிழில் வசன காவியங்கள் இல்லாத குறையை எடுத்துக்காட்டித் தம் முயற்சிக்கு நியாயம் கூற நேர்ந்தது. தமிழ் நாவலின் முதல் விளக்கவுரை அதை எழுதியவராலேயே எழுதப்பட்டது என்பது இவ்வரலாற்றில் முக்கியமான செய்தி.

பத்திரிகைகள் பெருகியபோது மதிப்புரை என்னும் புதிய வழக்கம் வேர்கொண்டது. நூலாசிரியரோ பதிப்பாளரோ பத்திரிகை அலுவலகத்துக்கு நூலை அனுப்புவார்; இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும் என்பது பின்னர்ப் பரவலான விதியாயிற்று. ஒன்று மதிப்புரை எழுதுபவருக்கு, மற்றொன்று அலுவலகத்துக்கு. இடம் கிடைத்தால் ஒரு பத்தியோ ஒரு பக்கமோ எழுதப்படும். கிடைக்காவிட்டால் 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின் கீழ், நூற்பெயர், ஆசிரியர், பக்கம், விலை, கிடைக்குமிடம் என்னும் விவரங்களோடு நூல் நின்றுவிடும். நன்னூலின் எட்டுச் செய்திகளில் சிலவற்றுக்கு இணையானவையே 'வரப்பெற்றோம்' பகுதியிலும் இருந்தன என்பதையும், அவற்றில் தீர்ப்பு எதுவும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தாமே வெளியிட்ட ஆசிரியர் ஒருவருக்கு அந்த இரண்டு வரிகளே பல சமயம் கிடைத்த முழு வரவேற்பாக இருந்தன.

1910க்கும் 1935க்கும் இடைப்பட்ட காலத்தில் நிலைமை வேறு வகையில் மாறியது. ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் வாசகரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றன. வடுவூரார் 'மனோரஞ்சனி' என்னும் தம் சொந்த இதழின் வழியே 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' போன்ற கதைகளைப் பரப்பினார். 'ஜகன்மோகினி' இதழை 1925 முதல் நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள், அதன் வழியே வெளியிட்ட தம் நாவல்களின் எண்ணிக்கையை நூற்றுக்கும் மேலே கொண்டு சென்றார். இவர்களே எழுத்தாளர், இவர்களே பதிப்பாளர், இவர்களே விற்பனையாளர். சந்தாதாரர் பட்டியல் கையில் இருந்ததால் எவருடைய மதிப்புரைக்கும் இவர்கள் காத்திருக்கவில்லை. மறுபுறம், பண்டிதர்களும் சீர்திருத்தவாதிகளும் இவ்வகை நாவல்களை ஒட்டுமொத்தமாக ஒழுக்கக் கேட்டின் ஊற்றாகவே பார்த்தனர். தனித்தமிழ் இயக்கத்தின் முன்னவரான மறைமலையடிகளே ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கில வெகுசன நாவலாசிரியரின் கதையொன்றைத் தழுவிக் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை எழுதியிருக்கும்போது, அக்கண்டனங்கள் நூல்களைப் பிரித்துப் பார்த்து எழுதப்பட்டவை என்று கொள்வதற்கில்லை. கோதைநாயகியின் நூறு நாவல்களுள் எது சிறந்தது, எது செய்நேர்த்தி குன்றியது, வடுவூராரின் திகம்பர சாமியார் என்னும் துப்பறிவாளர் எந்தக் கதையில் உயிரோடு நிற்கிறார் என்பனவற்றை அக்காலத்தவர் ஒருவர் பொறுமையாக எழுதிவைத்திருந்தால் தமிழ் நாவல் வரலாற்றின் பெரும் இடைவெளி ஒன்று நிரம்பியிருக்கும். அது நிகழாதது பேரிழப்பு.

'மணிக்கொடி' 1933இல் தோன்றிய பிறகு மதிப்புரையின் தொனி மாறியது. புதுமைப்பித்தன் அவ்விதழிலும் 'தினமணி'யிலும் எழுதிய மதிப்புரைகளில் ஆசிரியரின் தகுதி, வயது, செல்வாக்கு எதுவும் பொருட்படுத்தப்படவில்லை. கையில் இருக்கும் நூல் மட்டுமே விசாரணைக்குரியதாயிற்று. அந்தக் காரம் சில இடங்களில் எல்லை மீறியது உண்மைதான் எனினும், அறிந்தவர் புகழ்வதே மதிப்பு என்னும் பழைய ஏற்பாட்டை உடைப்பதற்கு அத்தகைய கடுமை அப்போது தேவையாக இருந்தது.

நூலை மட்டுமே நோக்கும் இந்த மதிப்புரையை ஒரு தொடர்பணியாக மேற்கொண்டவர்கள் க. நா. சுப்ரமண்யமும் சி. சு. செல்லப்பாவும். க. நா. சு. தம் வாழ்நாள் முழுவதும் நூல்களைப் படித்துப் பட்டியலிட்டுப் பிறரைப் படிக்கச் சொன்னார், 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பிலேயே அவர் நூலொன்று உண்டு. அவருடைய முறையில் ரசனையும் ஒப்பீடும் முதன்மை பெற்றன; ஒரு நூல் ஏன் நன்று என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை, நல்ல நூல்களோடு பழகிய வாசகனுக்கு அது தானே புலப்படும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. 1959 ஜனவரியில் அவர் திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்கிய 'எழுத்து', கதையின் சொல், கட்டமைப்பு, உத்தி ஆகியவற்றைப் பகுத்துக் காட்டும் அலசல் விமர்சனத்தை வலியுறுத்தியது. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே அறிவித்துக்கொண்ட அவ்விதழ் 1970வரை நடந்தது. அதனோடு எழுத்து பிரசுரத்தையும் நடத்திய செல்லப்பா, நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று கல்லூரிகளில் விற்றார். விமர்சகரும் பதிப்பாளரும் ஒருவராகவே இருந்ததில் ஒரு சிக்கல் உண்டு. தம் பிரசுரத்தில் வந்த நூலுக்குத் தம் இதழில் எழுதப்படும் மதிப்புரை எவ்வளவு நடுநிலையாக இருக்க முடியும் என்ற கேள்வி சிற்றிதழ் உலகை இறுதிவரை பின்தொடர்ந்தது. ஆயினும் அந்த இதழ்கள் இல்லையேல் அந்த நூல்களைப் பற்றிப் பேச வேறு இடமே இருந்திருக்காது.

மதிப்புரை ஒரு நூலின் தலைவிதியை மாற்ற வல்லது என்பதற்கு நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' மிகத் தெளிவான சான்று. திருவனந்தபுரத்தில் மின்வாரியப் பொறியாளராகப் பணியாற்றிய ஆசிரியர், இந்நாவலை 1968இல் தம் சொந்தச் செலவிலேயே வெளியிட்டார். கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலில் வாழும் செட்டியார் சமூகத்தின் சடங்குகள், நம்பிக்கைகள், வீட்டுக்குள் புழங்கும் சொற்கள் எல்லாம் சற்றும் நீர்க்காமல் இதில் இடம்பெறுகின்றன. பாட்டி உண்ணாமலை ஆச்சியின் கதைகளைக் கேட்டு வளரும் திரவி, கணவன் வீட்டார் பழி சுமத்திப் பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பிய தன் அக்காளுக்கு நீதி தேடித் தவிக்கிறான். தஞ்சைத் தமிழுக்கும் சென்னைத் தமிழுக்கும் பழகிய அன்றைய வாசகருக்கு இந்தப் பேச்சு நடை முதல் சில பக்கங்களில் கல்லும் முள்ளுமாகவே இருந்திருக்கும். வார இதழில் தொடராக வந்த புகழோ, பெரிய பதிப்பகத்தின் பெயரோ அதற்குத் துணையில்லை. க. நா. சு. அந்த நூலைத் தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாக எடுத்துக்காட்டி எழுதியதோடு நில்லாமல், ஆங்கிலத்திலும் தாமே மொழிபெயர்த்தார். நீல பத்மநாபனின் அடுத்த நாவலான 'பள்ளிகொண்டபுரம்' 1970இல் வாசகர் வட்டத்தின் வெளியீடாக வந்தது. லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம், உறுப்பினர்களிடம் முன்பணம் பெற்றுத் தரமான கட்டடத்தில் நூல்களை அளித்த அமைப்பு. அதன் பட்டியலில் இடம்பெறுவது அன்று பெருமையாகக் கருதப்பட்டது.

எல்லா நூல்களுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஜி. நாகராஜன் 1963இல் பித்தன் பட்டறை என்ற பெயரில் தாமே வெளியிட்ட 'குறத்தி முடுக்கு', விலைமகளிர் வாழும் சந்தொன்றை எவ்வித அறவுரையும் இன்றிக் காட்டியது. அதன் மதிப்பு பரவலாக உணரப்படுவதற்கு அவர் 1981இல் மறைந்த பிறகும் பல ஆண்டுகள் ஆயின. 1968இல் சா. கந்தசாமி, க்ரியா எஸ். ராமகிருஷ்ணன், ம. ராஜாராம், நா. கிருஷ்ணமூர்த்தி ஆகிய நால்வரும் சேர்ந்து 'கோணல்கள்' என்னும் சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தனர்; அதே ஆண்டில் நகுலன் திருவனந்தபுரத்திலிருந்து 'குருக்ஷேத்திரம்' என்னும் தொகைநூலை வெளியிட்டார். தனியாகவோ நண்பர் குழுவாகவோ பணம் போட்டு நூல் கொண்டுவந்தோர், அடுத்து இதழ் தொடங்குவது இயல்பாக நிகழ்ந்தது. 1970இல் பிறந்த 'கசடதபற' அத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியே.

இலங்கைத் தமிழரிடையே ஆசிரியர் வெளியீடு இன்னும் ஆழமாக வேரூன்றியது. அங்கே பெரும் பதிப்பகங்கள் குறைவாதலின், நாவலோ சிறுகதைத் தொகுப்போ பெரும்பாலும் எழுதியவரின் சேமிப்பிலிருந்தே அச்சாகிறது. செலவில் ஒரு பகுதியை மீட்டுத் தருவது வெளியீட்டு விழா. மண்டபத்தில் மங்கல விளக்கேற்றி, தலைமையுரையும் வெளியீட்டுரையும் முடிந்தபின், ஊர்ப் பெரியவரோ வணிகரோ ஒருவர் முதற்பிரதியை உறையிலிட்ட அன்பளிப்புக் கொடுத்துப் பெற்றுக்கொள்வார். பிறகு சிறப்புப் பிரதிகள் வழங்கப்படும். அதே மேடையில் நயவுரையும் ஆய்வுரையும் நிகழும். நயவுரை பாராட்டு, ஆய்வுரை குறைகளையும் தொட்டுப் பேசலாம். சபையில் ஆசிரியரின் குடும்பத்தார் முன்வரிசையில் அமர்ந்திருக்கையில் குறை சொல்வது எளிதன்று என்பதால், ஆய்வுரை பெரும்பாலும் நயவுரையாகவே முடிகிறது. அயலாரின் கூர்மையான சொல்லுக்கு டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை', 1975இல் வெளிவரத் தொடங்கிய 'அலை' போன்ற இதழ்களையே எழுத்தாளர்கள் நாட வேண்டியிருந்தது.

சிற்றிதழ் மதிப்புரை எவ்வளவு கூர்மையாக இருந்தபோதிலும் அதன் கண்ணுக்குப் புலப்பட்ட நிலப்பரப்பு குறுகியது. யதார்த்த நாவல், சோதனைக் கதை ஆகியவற்றுக்கு அப்பால் துப்பறியும் கதை, பேய்க் கதை, அறிவியல் புனைகதை, காதல் நாவல் என்பன அதன் எல்லைக்குள் நுழைந்தது மிக அரிது. வடுவூரார் காலத்துப் பண்டிதர் அறத்தின் பெயரால் செய்ததை இவர்கள் இலக்கியத்தின் பெயரால் செய்தனர். இரு தரப்பிலும் நூல் பிரிக்கப்படாமலேயே வகை தீர்ப்புக்கு உள்ளாயிற்று. 1980களில் பேருந்து நிலையக் கடைகளில் கொடியில் தொங்கிய மாத நாவல்களை லட்சக்கணக்கானோர் படித்தனர். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, ரமணிசந்திரன், இந்திரா சௌந்தர்ராஜன் முதலியோரின் கதைகள் நூலாகவும் இதழாகவும் அன்றி இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவில் வந்ததால், 'வரப்பெற்றோம்' பட்டியலில்கூட அவை இடம்பெறவில்லை. 2008இல் சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் என்னும் சிறு பதிப்பகம், பிரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் இவ்வகைக் கதைகளின் தொகுப்பொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டது. மாத நாவலை அதன் வகைக்குரிய அளவுகோலால் எடைபோடும் மதிப்புரைகள் அதன்பின் ஆங்கில நாளேடுகளில் வந்தன. அதே கதைகளின் தமிழ் மூலங்களுக்கு அவை முதலில் வெளிவந்த ஆண்டுகளில் அத்தகைய மதிப்புரை ஏறக்குறைய கிட்டவே இல்லை.